டேட்டா இருந்தால் போதாது

பழைய டாஸ் சாஃப்ட்வேரை மூடிவிட்டுப் புதியதற்கு மாறும் அலுவலகங்களில் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. டேட்டாவை எடுத்துக்கொண்டால் போதும். ரிப்போர்ட் என்பது டேட்டாவிலிருந்து வருவதுதான். எப்போது வேண்டுமானாலும் புதிய சாஃப்ட்வேரில் அதே ரிப்போர்ட்டைப் போட்டுக்கொள்ளலாம். பழைய பிரிண்ட் அவுட்டுகளைப் பிடிஎஃப் ஆக்குவது வீண் வேலை. இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். டேட்டாபேஸ் படித்த எவரும் முதலில் கற்பதே இதுதான்: கணக்கிட்டுப் பெறக்கூடிய எதையும் தனியாகச் சேமிக்காதே. புதிதாக ஓர் அமைப்பைக் கட்டுபவருக்கு அந்தப் பாடம் பொருந்தும். முப்பது ஆண்டுகள் ஓடிய ஓர் அமைப்பை மூடுபவர் அதையே பிடித்துக்கொண்டால், அந்த முப்பது ஆண்டுகளின் கணக்கையும் இழந்துவிடுவார். இது நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுகிறோம்? டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் நம் ஊர்களில் சம்பளக் கணக்கும், சரக்கு இருப்பும், கூட்டுறவுச் சங்கங்களின் கடன் பேரேடும் இவற்றில்தான் எழுதப்பட்டன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளுக்கு அருகிலேயே இவற்றைச் சொல்லித்தரும் கணினி மையங்கள் முளைத்தன. அங்கே படித்த இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் நூற்பாலைக்கும் அரிசி மண்டிக்கும் புரோகிராம் எழுதிக்கொடுத்தார்கள். அவற்றில் பல இருபது, முப்பது ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடின. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தை 1992-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் கடைசி வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. 16-பிட் டாஸ் புரோகிராம்களை நேரடியாக ஓட்டக்கூடியது 32-பிட் விண்டோஸ் மட்டுமே. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆகவே மாற வேண்டியதுதான். மாறும்போது எதைக் கையில் எடுத்துக்கொள்வது என்பதில்தான் தகராறு.

டேட்டா போதும் என்பவர்கள், அந்த டேட்டா எப்படிப்பட்டது என்று பார்ப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு 40 எம்பி, 80 எம்பி என்ற அளவில் இருந்தது. இடம் பொன்னாக இருந்த காலத்தில் எழுதிய புரோகிராம்கள் எதையும் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. சம்பளப் புரோகிராமில் ஊழியர் மாஸ்டர் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் அடிப்படைச் சம்பளம் ஒரே ஓர் எண். இன்க்ரிமெண்ட் வந்தால் அதன்மேலேயே புதிய எண்ணை எழுதுவார்கள். பழைய எண் அத்துடன் போயிற்று. மாதாந்திர ஃபைலை அடுத்த மாதம் தொடங்கும்போது 'ஜாப்' கட்டளையால் காலி செய்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். நின்றுபோன ஊழியரின் வரி முதலில் 'டெலீட்' என்று குறிக்கப்படும். பிறகு ஒருநாள் 'பேக்' கொடுத்ததும் அடியோடு மறைந்துவிடும். இயர் எண்டிங் என்றால் மொத்தத்தை மட்டும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோய் மற்றதைத் துடைத்துவிடுவது.

இதை யாரும் கவனக்குறைவால் செய்யவில்லை. 132 பத்தி அகலத்தில், கம்ப்யூட்டர் ஸ்டேஷனரி என்று நாம் அழைத்த தொடர்தாளில், மாதந்தோறும் சம்பளப் பட்டியல் அச்சாகி, அதிகாரி கையெழுத்திட்டு, பைண்டு செய்யப்பட்டு அலமாரிக்குப் போனது. அதுதான் பதிவேடு என்று எல்லோருக்கும் தெரியும். டேட்டா இருந்த டிபிஎஃப் ஃபைல் அந்தப் பதிவேட்டைத் தயாரிக்க உதவிய பணிமேடை. மேடையில் கிடப்பதை மட்டும் அள்ளிக்கொண்டு, "எல்லா வரலாறும் வந்துவிட்டது" என்று மைக்ரேஷன் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

சரி, ஒரு வாதத்துக்காக எல்லா மாதத்தின் டேட்டாவும் அப்படியே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரிப்போர்ட்டை மறுபடி போட்டுவிட முடியுமா? இதற்கு அண்மையில் நாடு முழுவதும் ஒரு சோதனையே நடந்தது. ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16-இல் தொடங்கியது. உயர் ஓய்வூதியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-இல் தீர்ப்பளித்தது. முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டிவந்தவர்கள் உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் தெரிவிக்கலாம் என்றானதும், நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் மாதவாரியாகப் பழைய சம்பள விவரத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பலருக்கு 1995 நவம்பரிலிருந்தே. அதற்கான கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 2025 ஜனவரி 31 வரை போனது. எத்தனை சம்பளப் பிரிவுகள் பழைய தாள்களைத் தேடி குடோன்களைக் கிளறின என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் இந்த வேலையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

அந்தக் கணக்கில் ஒரே ஒரு எண்ணை எடுத்துப் பாருங்கள். 2001 மே வரை ஓய்வூதியத்துக்கான சம்பள உச்சவரம்பு 5,000 ரூபாய். நிறுவனத்தின் பங்கிலிருந்து அதில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகும். 416 ரூபாய் 50 காசு. அதை முழு ரூபாயாக்கி 417 என்று கட்டினார்கள். அந்தக் காலத்து 3ஏ, 6ஏ என்ற பி.எஃப். படிவங்களைப் பார்த்தவர்களுக்கு 417 என்ற எண் மனப்பாடம். டிபேஸ் குடும்பத்து மொழிகளில் 416.50-ஐ முழுமையாக்கினால் 417 வரும். டாட் நெட்டின் இயல்பான ரவுண்டிங் முறையோ, சரிபாதி வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும்; அங்கே விடை 416. புதிய சாஃப்ட்வேர் எழுதுபவர் இதை நினைத்துப் பார்க்காவிட்டால், அவர் போடும் "அதே ரிப்போர்ட்டில்" உச்சவரம்பைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு ரூபாய் குறையும். ஒரு ரூபாய்தானே என்று விட முடியாது. அந்த மாதச் சலானில் கட்டிய மொத்தத்துடன் பட்டியல் பொருந்தாது. பொருந்தாத பட்டியலைத் திருப்பி அனுப்ப அதுவே போதும்.

விகிதமும் அப்படித்தான். பல தொழில்களுக்கு 10 சதவீதமாக இருந்த பி.எஃப். பங்கு 1997 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதமாயிற்று. 2001 ஜூனில் உச்சவரம்பு 6,500, 2014 செப்டம்பரில் 15,000. பழைய புரோகிராம்களில் இந்த எண்கள் எந்த டேபிளிலும் இருக்காது. கோடுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். அரசாணை வந்ததும் புரோகிராமர் பஸ் ஏறி வந்து, எண்ணைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்துவிட்டுப் போவார். 1996-இல் எந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி 1996-இன் ரிப்போர்ட் மட்டுமே.

"அப்படியானால் விதிகளையும் தேதிவாரியாகப் புதிய சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டால் போயிற்று" என்பார்கள். ஏற்றுங்கள். அப்போது கிடைப்பது, சட்டப்படி என்ன கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. நமக்கு வேண்டியது என்ன கட்டினார்கள் என்ற பதிவு. ஒரு மாதம் அரியர்ஸை இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒருவருக்குத் தவறாகக் கூடுதலாகப் பிடித்து அடுத்த மாதம் கழித்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் பிழை இருந்தால் அந்தப் பிழையின்படிதான் பணமும் கைமாறியது. இன்று திருத்தமாகக் கணக்கிட்டுப் போடும் பட்டியல் எவ்வளவு சரியாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த மாதம் நடந்ததிலிருந்து விலகி நிற்கிறது.

இன்னொரு தரப்பும் உண்டு. அவர்கள் பதிவேட்டின் அருமையை ஒப்புக்கொள்கிறார்கள். "தாள் இருக்கிறதே, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிவிடலாம்" என்கிறார்கள். தாள் மட்டுமே மிஞ்சிய இடத்தில் வேறு வழியில்லை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதுவே முதல் வழி என்று ஒப்பந்தம் போடுவது தவறு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், தேய்ந்த ரிப்பனில், ஓர் அங்குலத்துக்குப் பதினேழு எழுத்துகள் என்று நெருக்கி அடித்த பட்டியல் அது. ஸ்கேன் செய்தால் 3-உம் 8-உம், 5-உம் 6-உம் ஒன்றுபோல் தெரியும். எழுத்தறியும் மென்பொருள் அதில் தடுமாறும். சொற்களில் பிழை வந்தால் படிப்பவர் யூகித்துக்கொள்வார். எண்ணில் வந்த பிழையை யார் யூகிப்பது?

இவ்விரு தரப்பும் பார்க்காமல் விடும் மூன்றாவது பொருள் ஒன்று அதே கணினியில் கிடக்கிறது. பிரிண்டருக்குப் போன எழுத்தோட்டம். அந்தக் காலப் புரோகிராமர்கள் பலரும் ரிப்போர்ட்டை நேரே பிரிண்டருக்கு அனுப்பவில்லை. 'செட் பிரிண்டர் டூ' என்று ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்து முதலில் ஹார்டு டிஸ்க்கில் எழுதி, திரையில் காட்டி, சரி என்றால் பிரிண்டருக்குக் காப்பி செய்தார்கள். அந்த ஃபைல்கள் டிஎக்ஸ்டி, பிஆர்என் என்ற பின்னொட்டுடன் டைரக்டரிகளில் தங்கிவிட்டன. சில இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு அவற்றைப் பேக்கப் ஃபிளாப்பியிலும் எடுத்து வைத்தார்கள்.

ஓர் ஆலையின் மைக்ரேஷனுக்குப் பிறகு அங்கே போய்ப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. டிபிஎஃப் ஃபைல்கள் எல்லாவற்றையும் கவனமாக எக்செல்லுக்கு மாற்றியிருந்தார்கள். பிஆர்என் ஃபைல்களை மட்டும் "டெம்பரரி ஃபைல்" என்று முடிவு செய்து அழித்துவிட்டுப் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஃபைல்களில்தான் 1990களின் மாதாந்திரப் பட்டியல்கள் இருந்தன. ஓய்வு பெற்ற ஒருவர் தன் கணக்குக்காக வந்து கேட்டபோது, எடுத்துக் கொடுக்க அந்த அலுவலகத்தில் எதுவும் இல்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு, "ரிப்போர்ட்டை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த எழுத்தோட்டத்தைப் பிடிஎஃப் ஆக்குவது பெரிய வித்தையும் இல்லை. ஒரு பிஆர்என் ஃபைலைத் திறந்து பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே சில கட்டுப்பாட்டுக் குறிகள் வரும். 15 என்ற குறி வந்தால் எப்சன் வகைப் பிரிண்டர் நெருக்கி அடிக்கும். 18 வந்தால் பழைய அகலத்துக்குத் திரும்பும். 27-ஐத் தொடர்ந்து ஆங்கில எழுத்து 'இ' வந்தால் தடித்த அச்சு, 'எஃப்' வந்தால் அது முடிந்தது. 12 வந்தால் தாள் அடுத்த பக்கத்துக்கு நகரும். கட்டம் போட்ட கோடுகள் 437 என்ற எண்ணுள்ள கோட்பேஜின் எழுத்துகள். அதற்கு இணையான கோட்டு எழுத்துகள் யூனிகோடில் ஒன்றுக்கு ஒன்றாக உள்ளன. இவற்றைப் படித்து மாற்றும் சிறு புரோகிராமை எந்த இளைஞரும் எழுதிவிடுவார். பழைய தாள் பக்கத்துக்கு 66 வரி. ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில், எட்டரைப் புள்ளி வரி உயரத்தில் அடுக்கினால் 132 பத்தியும் 66 வரியும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். பக்கக் கூட்டல் பக்கத்தின் அடியிலேயே நிற்கும். "முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்தது" என்ற தொகை அடுத்த பக்கத் தலையிலேயே வரும். ஆடிட்டர் பழைய பைண்டிங்கைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடலாம். பக்க அமைப்பைக் கலைத்து "அழகாக" மாற்றுகிறேன் என்று கிளம்புபவரைத் தயவுசெய்து தடுங்கள்.

ஃபைல்கள் மிஞ்சாத இடத்தில் பேக்கப்பிலிருக்கும் அந்தந்த ஆண்டின் டேட்டாவையும், கிடைத்தால் அந்தந்த ஆண்டின் எக்ஸி ஃபைலையும் எடுத்து, டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஓட்டலாம். பிரிண்டர் போர்ட்டுக்குப் போவதை ஃபைலாகப் பிடித்துத் தரும் வசதி அதில் உண்டு. இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படிப் போடும் ரிப்போர்ட்டின் தலையில் இன்றைய தேதி விழும். அது அசிங்கமாக இருக்கிறது என்று கணினியின் கடிகாரத்தை 1998-க்குத் திருப்பிவைத்து அச்சிடும் பழக்கம் இருக்கிறது. அது பொய் ஆவணம் தயாரிப்பது. இன்று போட்ட ரிப்போர்ட்டில் இன்றைய தேதி இருக்கட்டும். எந்த பேக்கப்பிலிருந்து எடுத்தது என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.

தமிழில் பதிவு வைத்திருந்த அலுவலகங்களுக்குக் கூடுதல் கவலை உண்டு. சி-டாக் உருவாக்கிய ஜிஸ்ட் அட்டையைச் செருகி, டாஸிலேயே தமிழில் பெயர்களை ஏற்றிய இடங்கள் இருந்தன. அந்த எழுத்துகள் இஸ்கி என்ற இந்தியத் தரத்தில் இருக்கும். யூனிகோடின் தமிழ்ப் பகுதியே இஸ்கியின் வரிசையைப் பின்பற்றியது என்பதால் மாற்றுவது கடினமில்லை. சிக்கல் பிடிஎஃப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிடிஎஃப் எழுத்தின் வடிவத்தை வைத்துக்கொள்கிறது. ஒழுங்காக உருவாக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிப் போய், 'கொடுமுடி' என்று தேடினால் அகப்படாது. உருவாக்கியதும் நாலு பெயரைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பது கட்டாயம். மூல எழுத்தோட்ட ஃபைலைப் பிடிஎஃப் உடனேயே வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்டகாலப் பாதுகாப்புக்காகவே வகுத்த பிடிஎஃப்-ஏ தரத்தின் மூன்றாம் பகுதி, 2012 முதல், எந்த ஃபைலையும் ஆவணத்துக்குள்ளேயே இணைத்து வைக்க இடம் தருகிறது. எழுத்தோட்டமும் அந்த மாத டிபிஎஃப்-உம் அதற்குள்ளேயே போய்விடலாம். எழுத்துருவும் ஆவணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி.

பிடிஎஃப் ஆக்கினால் எண்களைக் கூட்ட முடியாது, வடிகட்ட முடியாது, அதனால் அது பின்னோக்கிய வேலை என்று ஓர் ஆட்சேபம் இருக்கிறது. டேட்டாவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. மைக்ரேஷன் செய்யுங்கள், புதிய சாஃப்ட்வேரில் கூட்டுங்கள், வரைபடம் போடுங்கள். அந்தக் கூட்டல் சரியா என்று எதை வைத்துச் சோதிப்பீர்கள்? பழைய ரிப்போர்ட்டின் மொத்தத்தை வைத்துத்தானே? சோதிக்கும் அளவுகோலை ஒழித்துவிட்டு, அளந்தது சரி என்று சொல்வதை எந்தக் கணக்கரும் ஏற்கமாட்டார். எழுத்தோட்டத்தில் ஒவ்வோர் எண்ணும் குறிப்பிட்ட பத்தியில் நிற்பதால், வேண்டும்போது அதிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்து எக்செல்லில் போட்டுக்கொள்ளவும் முடியும். ஸ்கேன் செய்த படத்தில் அது நடக்காது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு மின்னணுப் பதிவைப் பாதுகாப்பதற்குச் சில நிபந்தனைகளை வைக்கிறது. பதிவு பின்னாளில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். முதலில் உருவான வடிவிலோ, அப்போது உருவான தகவலைத் துல்லியமாகக் காட்டுவதாக நிரூபிக்கக்கூடிய வடிவிலோ இருக்க வேண்டும். பிரிண்டருக்குப் போன அதே எழுத்துகளிலிருந்து ஆக்கிய பிடிஎஃப், மூல ஃபைலும் பக்கத்தில் இருக்கையில், இந்த நிபந்தனைக்கு நேராகப் பொருந்துகிறது. இன்றைய சாஃப்ட்வேரில் இன்றைய விதியை வைத்து மறுபடி போட்ட பட்டியல், "முதலில் உருவானது" என்று எந்த வகையில் சொல்லிக்கொள்ளும்? 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழில் மின்னணுப் பதிவின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் உருவாக்கிய அன்றே ஹாஷ் எடுத்து ஒரு பட்டியலில் வைத்துவிட்டால் பிறகு யாரும் விரல் நீட்ட முடியாது. கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து எழுத்தோட்டத்தில் வராது.

நிறுவனங்கள் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறதே, முப்பது ஆண்டுக் குப்பை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன். 1995-இன் சம்பளப் பட்டியலை 2023-இல் கேட்டார்கள். எட்டு ஆண்டு என்பது நிறுவனத்தின் கடமைக்கு வைத்த எல்லை. 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் ஓய்வூதியம் அந்த எல்லைக்குள் அடங்காது.

செலவு என்ற பேச்சு கடைசியில் வரும். மைக்ரேஷனுக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு வேலை. தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இலவசம். கிடைப்பதற்கு அரிதாக இருப்பது ஆள். எந்த மெனுவில் போய் எந்த எண்ணை அழுத்தினால் எந்த ரிப்போர்ட் வரும், எந்த டைரக்டரியில் எந்த ஆண்டு இருக்கிறது, ஃபிளாப்பி மேல் எழுதிய சுருக்கெழுத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்த கணக்கர்களும் புரோகிராமர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவருகிறார்கள். ஆகவே மைக்ரேஷன் ஒப்பந்தம் போடுபவர்கள் அதில் இரண்டு வரி சேர்க்கட்டும். பழைய கணினியிலுள்ள எந்த ஃபைலும், பின்னொட்டு எதுவானாலும், முழுப் பிரதி எடுக்கும்வரை அழிக்கப்படக் கூடாது. ஒவ்வொரு மாதத்தின் ரிப்போர்ட்டும் பிடிஎஃப் ஆகி, அதன் மொத்தம் அந்த மாதச் சலானுடன் ஒப்பிடப்பட்டு, அந்தப் பழைய கணக்கரே கையெழுத்திட்ட பிறகுதான் கடைசித் தவணைப் பணம் கொடுக்கப்படும்.